ஐயம் மொழி மாறும்போது

கடவுளைப் பற்றித் தனக்குச் சந்தேகம் உண்டென்று ஒருவன் ஆங்கிலத்தில் எழுதிவைத்ததை எபிரேய பாஷையில் பெயர்க்க முற்படுகிறவன், பதத்துக்குப் பதம் நிகர் கண்டு முடித்த பின்னரும், மூலத்தில் இருந்த ஏதோ ஒன்று கைநழுவிப் போயிற்று என்பதையும், மூலத்தில் இல்லாத ஏதோ ஒன்று வந்து புகுந்துகொண்டது என்பதையும் உணராமல் இருக்க முடியாது. ஆங்கிலத்தின் ‘டௌட்’ என்னும் சொல், இரண்டு என்ற எண்ணோடு உறவு கொண்ட லத்தீன் வினையொன்றிலிருந்து பிரெஞ்சின் வழியாக வந்து சேர்ந்தது. இரு எண்ணங்களுக்கு நடுவே ஊசலாடும் சித்தத்தை, ஒரு மனிதனின் அந்தரங்கத்தில் தனிமையில் நிகழும் வேதனையை, அது சுட்டுகிறது. அங்கே விசுவாசம் ஒரு கரை, சந்தேகம் மறுகரை.

எபிரேயத்தில் இதற்கு நேராக வழங்கும் ‘ஸஃபேக்’ என்ற பதமோ, ஐயம் என்ற பொருளில் பழைய வேதாகமத்தில் காணப்படுவதன்று. பிற்காலத்து ரபிமார்கள் சாஸ்திர விசாரணையில் வழங்கியது. அவர்கள் கையில் ஐயம் என்பது மனத்தின் நோயாக அல்லாமல், எதிரே கிடக்கும் பொருளின் நிலையாகவே இருந்தது. ஓர் ஊரில் பத்து இறைச்சிக் கடைகள்; ஒன்பதில் விற்பது விதிப்படி அறுத்த இறைச்சி, ஒன்றில் விற்பது விலக்கப்பட்டது. எந்தக் கடையில் வாங்கினோம் என்பதை மறந்துவிட்டவன் அந்த இறைச்சியை உண்ணலாகாது என்றும், அதே ஊர்த் தெருவில் கிடந்ததை எடுத்ததாயின் பெரும்பான்மையைக் கருதி அனுமதிக்கலாம் என்றும் அவர்களுடைய விவாதங்களின் தொகுப்பான தால்முத் தீர்ப்புச் சொல்கிறது. உன் உள்ளம் எப்படித் தவிக்கிறது என்று அங்கே எவரும் கேட்பதில்லை. ஐயம் நேர்ந்த இடத்தில் செய்யத்தக்கது யாது என்பதே கேள்வி. விடை காணாமல் விவாதம் நின்றுவிடும் இடங்களில், ‘அப்படியே நிற்கட்டும்’ என்ற பொருள்பட ‘தேய்கூ’ என்று குறித்துவிட்டு மேலே செல்கிறார்கள். தீராத கேள்வியை மறைக்காமல், புனிதமான ஏட்டிலேயே அதற்கு இடம் கொடுத்த அந்தத் துணிவை நான் வியக்கிறேன்.

விசுவாசம் என்று நாம் பெயர்க்கும் ‘எமூனா’ என்ற சொல்லும் இவ்வாறே வேறு நிலத்தில் வேரூன்றியது. அமலேக்கியரோடு நடந்த யுத்தத்தில், மோசே கையை உயர்த்தியிருக்கும் வரையில் இஸ்ரவேலர் மேலோங்கினார்கள். கைகள் தளர்ந்தபோது, ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை அதன்மேல் உட்காரவைத்து, ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவர் மறுபக்கமுமாகத் தாங்கிப் பிடிக்க, சூரியன் அஸ்தமிக்கும் மட்டும் அந்தக் கைகள் ‘எமூனா’வாக இருந்தன என்கிறது யாத்திராகமம். அசையாமல் நின்றன என்பதே பொருள். ஆமென் என்பதும் இதே வேரில் பிறந்ததுதான். சோர்ந்துபோன கைகளுக்கு, அதுவும் பிறர் தாங்கிய கைகளுக்கு, இந்தப் பதம் பொருந்துமானால், ஐயம் கொண்டவனை விசுவாசத்துக்குப் புறம்பானவன் என்று எப்படித் தள்ளுவது?

எனினும் இதைச் சொல்லி அந்த ஆங்கிலேயனின் வேதனையை மழுங்கச் செய்வது அநியாயம். அவன் சொன்னது இறைச்சியைப் பற்றி அன்று. தன் ஜீவனைப் பற்றி. வெறும் ‘ஸஃபேக்’ என்று எழுதினால் அவன் தனிமை அங்கே வந்து சேராது.

இவ்விடத்தில் எனக்குத் துணை வருகிறவர் சாமுவேல் இப்னு திப்பன். தத்துவத்துக்கும் வேதத்துக்கும் இடையே திகைத்தவர்களுக்காக மைமோனிடிஸ் அரபியில் இயற்றிய பெருநூலை 1204ஆம் ஆண்டில் எபிரேயத்தில் பெயர்த்து முடித்தவர் அவர். திகைத்தவர்கள் என்பதற்கு அவர் கைக்கொண்ட ‘நெவுஹீம்’ என்ற பதம், யாத்திராகமத்தில் பார்வோனின் வாயில் வருவது: முன்னே கடலும் சுற்றிலும் வனாந்தரமுமாக அகப்பட்டுக்கொண்ட ஜனங்களை அவன் அப்படித்தான் அழைப்பான் என்று அங்கே சொல்லப்படுகிறது. அந்த ஆங்கில வாக்கியத்தை என்னிடம் கொடுத்தால், நானும் இந்தச் சொல்லையே நாடுவேன். வழி தப்பியவர்கள் என்று பார்வோன் எண்ணிய அந்த ஜனங்கள், பாளயமிறங்கும்படி கர்த்தர் குறித்துக் கொடுத்த இடத்திலேயே, கடலுக்கு எதிரே கூடாரமடித்திருந்தார்கள்.