மகன் செய்த தியாகம் யாருடையது?

பிள்ளை பேரெடுத்தால் தகப்பனுக்குப் பெருமை, பிள்ளை கெட்டுப்போனால் தகப்பனுக்குத் தலைகுனிவு. இதை நம் குடும்பங்கள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. தேர்வு முடிவு வந்ததும் ஊர் முனையில் எழும் பிளெக்ஸ் பலகையில் மாணவியின் படத்துக்குப் பக்கத்தில் தகப்பன் பேரும் தாத்தா பேரும் பெரிய எழுத்தில் நிற்கின்றன. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணின் தகப்பனோ தெருவில் நடக்கவே கூசுகிறார். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: பிள்ளையின் வாழ்க்கை தகப்பனுடைய வாழ்க்கையின் தொடர்ச்சி, அதன் வரவும் செலவும் அவர் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும் என்ற நம்பிக்கை. பெருமைப்படுவதில் யாருக்கு என்ன தீங்கு என்று தோன்றலாம். ஆனால் வரவைத் தன் கணக்கில் எழுதிக்கொள்பவர், செலவு செய்யும் உரிமையும் தனக்கு உண்டென்று சீக்கிரமே நம்பத் தொடங்கிவிடுகிறார். தன் கொள்கைக்காகப் பிள்ளையின் வாழ்க்கையைச் செலவிட ஒரு தகப்பனுக்கு உரிமை உண்டா? சுயநலக்காரத் தகப்பனை வைத்து இதைக் கேட்டால் விடை எளிது, பயனும் குறைவு. தன்னலமற்ற தகப்பன், உயர்ந்த கொள்கை என்று வைத்துக்கொண்டுதான் எடைபோட வேண்டும். அதற்கு மோகன்தாஸ் காந்தியையும் அவருடைய மூத்த மகன் ஹரிலாலையும் விடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

1908ஆம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் இந்தியர்களைக் கட்டாயப் பதிவுக்கு உட்படுத்திய சட்டத்தை எதிர்த்துப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. உரிமம் இல்லாமல் தெருவில் கூவி விற்றுச் சிறை போகும்படி காந்தி இந்தியர்களிடம் சொல்லியிருந்தார். வழக்கறிஞராகப் பதிவு செய்திருந்த அவரால் தெரு வியாபாரத்தில் இறங்க முடியவில்லை. ஆகவே இருபது வயது ஹரிலாலை இறக்கினார். ஏன் மகனைச் சிறைக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டவர்களுக்கு ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் விளக்கமும் எழுதினார். தான் செய்ய முடியாத ஒன்றைப் பிறரைச் செய்யச் சொல்லத் தனக்குத் தயக்கமாக இருக்கிறது, தன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு மகன் செய்வதைத் தானே செய்ததாகக் கொள்ளலாம், நாட்டுக்காகச் சிறை போவது ஹரிலாலின் கல்வியில் ஒரு பகுதி என்பது அதன் சாரம். ஊரார் பிள்ளையைச் சிறைக்கு அனுப்பிவிட்டுத் தன் பிள்ளையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் தலைவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, இந்த மனசாட்சி எவ்வளவு உயர்ந்தது என்று சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் அந்த வாதத்தின் நடுக்கண்ணியில் பிசகு இருக்கிறது. மகனின் சிறைவாசம் தகப்பனின் சிறைவாசமாகக் கணக்கிடப்படும்போது, சிறையில் கிடந்தவன் யார் என்பது மறைந்துபோகிறது. 1911க்குள் ஹரிலால் ஆறு முறை சிறை சென்றார். தோழர்கள் அவரைச் சின்ன காந்தி என்று கொண்டாடினார்கள். கொண்டாடிய பெயரிலும் அவர் தகப்பனின் சிறிய வடிவமாகவே இருந்தார்.

அதே போராட்டத்தின் இறுதிக் கட்டத்தில் சிறை சென்ற இன்னொரு இளம் உயிரைத் தமிழர்கள் நன்றாக அறிவார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்தார்; வயது பதினாறு. படுக்கையில் கிடந்த அந்தப் பெண்ணிடம், சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று காந்தி கேட்டார். இல்லை, மறுபடியும் போகத் தயார் என்று அவள் சொன்ன பதிலைத் தென்னாப்பிரிக்கப் போராட்டம் பற்றிய தன் நூலில் அவரே பதிந்திருக்கிறார். அந்தக் கேள்வியில் எவ்வளவு மரியாதை இருக்கிறது! அடுத்த வீட்டுப் பெண் என்பதால் அவளுடைய தியாகம் அவளுடையது என்று அவருக்குத் தெரிந்தது. கேட்க வேண்டும் என்றும் தோன்றியது. தன் பிள்ளையிடம் அந்தக் கேள்வி எழவில்லை. தன் கையைப் பார்த்து, வலிக்கிறதா, சம்மதமா என்று யாரும் கேட்பதில்லையே.

சிறைக்கு முன்பே கல்வி விஷயத்தில் இது தொடங்கிவிட்டது. 1897இல் ஒன்பது வயது ஹரிலாலோடு குடும்பம் டர்பனில் இறங்கியபோது, ஐரோப்பியப் பிள்ளைகளின் பள்ளியில் சலுகையாக இடம் வாங்கக் காந்தியால் முடிந்திருக்கும். மற்ற இந்தியப் பிள்ளைகளுக்குத் திறக்காத கதவு தன் பிள்ளைக்கு மட்டும் திறப்பதை அவர் ஏற்கவில்லை. மிஷன் பள்ளிகளின் படிப்பும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஓர் ஆங்கிலேய ஆசிரியையை வைத்துப் பார்த்தார். பிறகு ஜோகன்னஸ்பர்க்கில், அலுவலகத்துக்கு நடந்து போய்வரும் வழியில் பேசிப் பேசியே பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். இவையெல்லாம் ‘சத்திய சோதனை’யில் அவர் எழுதியவைதாம். பிள்ளைகளுக்கு இதில் மனக்குறை உண்டு என்பதையும் அங்கே மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் அடிமைத்தளையோடு வரும் படிப்பைவிடச் சுதந்திரத்தின் பாடம் மேல் என்ற தன் முடிவில் நிற்கிறார். பின்னால் அவருடைய நண்பர் பிராண்ஜீவன் மேத்தா, லண்டன் சென்று படிக்க ஒருவருக்குப் பண உதவி செய்ய முன்வந்தார். பாரிஸ்டர் ஆக வேண்டும் என்று ஏங்கிய ஹரிலாலுக்கு அது கிடைக்கவில்லை. முதலில் உறவினர் சகன்லால், அவர் உடல்நலமின்றித் திரும்பிய பிறகு சொராப்ஜி அடாஜானியா என்று வாய்ப்பு வேறு இருவருக்குப் போனது. 1911இல் ஹரிலால் தகப்பனை விட்டுப் பிரிந்து இந்தியா திரும்பினார். மணமாகி, தானும் தகப்பனான பிறகு, அகமதாபாத்தில் சின்னப் பையன்களோடு சேர்ந்து மெட்ரிகுலேஷன் தேர்வுக்குப் படித்துத் தோற்றார்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பொதுவாழ்வில் இருப்பவர் தன் மகனுக்குச் சலுகை காட்டாமல் இருந்ததற்காக அவரைக் குறை சொல்வதா? தகப்பனுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று கட்சிகள் சொத்துப்போலக் கைமாறும் நாட்டில், காந்தியின் கண்டிப்புக்குக் கோயில் கட்ட வேண்டாமா? இந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது. உதவித்தொகையை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் காந்தி செய்தது சரி. தகுதியானவருக்குத் தருவதுதான் நியாயம். ஆனால் அது தனியே நிற்கவில்லை. பள்ளிப் படிப்பை மகனுக்கு மறுத்தவரும் அவரே, பிறகு மற்றவர்களோடு சேர்த்து அவனைச் சமமாக எடைபோட்டவரும் அவரே. நடுநிலைமை என்பது ஓட்டத்தின் முடிவில் மட்டும் வந்து நிற்கும் பொருளாக இருக்க முடியாது. சலுகை தர மறுப்பது ஒன்று, பிள்ளைக்குச் சேர வேண்டியதைக் குறைப்பது வேறொன்று. முதலாவது தகப்பன் தன் அதிகாரத்தை அடக்கிக்கொள்வது. இரண்டாவது அதே அதிகாரத்தை முழுவதுமாகப் பயன்படுத்துவது. வாரிசு அரசியல் செய்பவரும், மகனை வேள்விக்கு அனுப்புபவரும் எதிரெதிர் முனையில் நிற்பதாக நினைக்கிறோம். மகனின் வாழ்க்கையைத் தன் திட்டத்துக்குள் வைப்பதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள்.

நம் மரபு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க நமக்குப் போதுமான அளவு கற்றுத்தரவில்லை. சிறுவயதில் பார்த்த அரிச்சந்திரன் நாடகம் தன்னை ஆட்கொண்டதைக் காந்தி எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டுக் கூத்திலும் மயான காண்டத்துக்கு அழாதவர் இல்லை. ஆனால் வாய்மை என்ற விரதம் அரிச்சந்திரனுடையது. ஏலத்தில் விற்கப்பட்டவள் சந்திரமதி, பாம்பு தீண்டி மாண்டவன் சிறுவன் லோகிதாசன். மன்னன் சொன்ன சொல்லுக்காக விற்கப்படச் சம்மதமா என்று அந்தப் பிள்ளையைக் கேட்பதாகக் கதை எங்கும் நிற்பதில்லை. கடைசியில் தெய்வம் வந்து எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுவதால் நாமும் கேட்க மறந்துவிடுகிறோம். திருவாரூர் மனுநீதிச் சோழன் கதை இதிலிருந்து வேறுபட்டது. அங்கே கன்றின் மேல் தேர் ஏற்றியவன் மகன். சோழன் தன் நீதிக்கு மகனைப் பலியாகத் தேடிப் பிடிக்கவில்லை, குடிமகனுக்கு உள்ள சட்டம் இளவரசனுக்கும் உண்டு என்றான். அந்தத் தண்டனையின் கொடுமையை ஏற்க முடியாவிட்டாலும் அதன் தர்க்கம் புரிகிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவன் சிலை நிற்பது பொருந்தும். ஹரிலால் எந்தக் கன்றையும் கொல்லவில்லை.

வேறொரு மறுப்பும் வரும். எந்தத் தகப்பன்தான் பிள்ளையைக் கேட்டு வளர்க்கிறான்? மொழி, உணவு, சாமி, பள்ளி எல்லாமே கேட்காமல் கொடுக்கப்பட்டவைதானே? உண்மைதான். குழந்தையின் சம்மதத்தோடு குழந்தையை வளர்க்க முடியாது. ஆகவே கொள்கையைக் கொடுத்தாயா என்று தகப்பனைக் கேட்பதில் அர்த்தமில்லை. வளர்ந்த பிறகு பிள்ளை அதை வேண்டாம் என்று சொல்லி வேறு வழியில் நடக்க முடிகிறதா, அதற்கான கால் பலத்தை விட்டுவைத்தாயா என்று கேட்கலாம். சைவம் சாப்பிட்டு வளர்ந்தவன் நாளை அசைவம் சாப்பிடலாம். பள்ளிக்கூடம் போகாமல் வளர்ந்தவன் இருபத்து மூன்று வயதில் தன் குழந்தைப் பருவத்தைத் திரும்ப வாங்க முடியாது. மற்ற மூன்று பிள்ளைகளும் நன்றாகத்தானே இருந்தார்கள் என்பதும் பதிலாகாது. மணிலால் தான் விரும்பிய முஸ்லிம் பெண்ணை மணக்க முடியாமல், 1926இல் தகப்பனின் மறுப்புக்குப் பணிந்தார். ராஜாஜியின் மகள் லட்சுமியை விரும்பிய தேவதாஸ் இரு தகப்பன்மாரின் நிபந்தனைப்படி ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்து 1933இல்தான் மணந்தார். அவர்கள் தாங்கிக்கொண்டார்கள் என்பது அவர்களுடைய பொறுமைக்குச் சான்று. சுமத்தியது சரி என்பதற்கு அது சான்றாகாது.

ஹரிலால் குடித்தார், கடன்பட்டார், தகப்பன் பெயரைச் சொல்லிப் பணம் திரட்டிய வியாபாரத்தில் மாட்டிக்கொண்டார், 1936இல் இஸ்லாத்துக்கு மாறிப் பிறகு திரும்பி வந்தார். இவற்றுக்கெல்லாம் காந்தியே காரணம் என்று சொல்வது அநியாயம். வளர்ந்த மனிதனின் செயலுக்கு அவனே பொறுப்பு. இந்த வாதமும் அதை நம்பி நிற்கவில்லை. ஹரிலால் பெரிய அறிஞராகி மாண்போடு வாழ்ந்திருந்தாலும், அவருடைய வாழ்க்கையைத் தகப்பன் செலவிடலாமா என்ற கேள்வி அப்படியேதான் இருக்கும். கவனிக்க வேண்டியது காந்தியின் எதிர்வினையை. 1925இல் மகனின் கம்பெனியில் பணம் போட்டு ஏமாந்த ஒருவரைப் பற்றி ‘யங் இந்தியா’வில் எழுதியபோது, ஆம், நான் அவன் தகப்பன்தான், ஆனால் அவன் வழி வேறு என் வழி வேறு என்று வெளிப்படையாகச் சொன்னார். நேர்மையான எழுத்து அது. ஆயினும் மகனின் குறைகளைப் பற்றி அவர் பேசும்போதெல்லாம் ஓர் எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது: தன் இளமையின் கட்டுப்பாடற்ற நாட்களின் நிழல்தான் அவன் மீது படிந்திருக்கிறது என்ற எண்ணம். பணிவாகத் தோன்றும் இந்த வருத்தத்திலும் மகன் தகப்பனின் பிரதிபலிப்பாகவே இருக்கிறார். அவருடைய சிறைவாசம் தகப்பனின் வீரம், அவருடைய வீழ்ச்சி தகப்பனின் பாவம். தனக்கென்று ஒரு தவறு செய்யக்கூட ஹரிலாலுக்கு இடமில்லாமல் போகிறது. 1915இல் தகப்பனுக்கு எழுதி அச்சிட்டுச் சுற்றுக்கு விட்ட கடிதத்தில், பிள்ளைகளின் பேச்சு அந்த வீட்டில் கேட்கப்படவே இல்லை என்ற ஆற்றாமைதான் படிப்பு பற்றிய மனக்குறையைவிட உரக்கக் கேட்கிறது.

1918இல் ஹரிலாலின் மனைவி குலாப் இறந்ததும் குழந்தைகள் சபர்மதி ஆசிரமத்தில் பாட்டி கஸ்தூர்பாவின் கைக்கு வந்தார்கள். அங்கே காந்தி தாத்தா. வளர்ந்த மகனிடம் கண்டிப்பாக இருந்தவர்கள் பேரப்பிள்ளைகளிடம் இளகுவதை எல்லா வீடுகளிலும் பார்க்கிறோம், அதை வாழ்த்தவும் செய்கிறோம். ஆனால் பேரனிடம் காட்டும் கனிவு மகனுக்குப் போய்ச் சேர்வதில்லை. தான் பெறாததைத் தன் பிள்ளை பெறுவதைப் பார்த்து நிற்கும் நடுத்தலைமுறை மனிதனைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஹரிலாலுக்கு அதுவும் முழுதாய் வாய்க்கவில்லை; குழந்தைகள் தாத்தாவின் ஆசிரமத்தில், தகப்பன் ஊர் ஊராக. மகன் ரசிக் 1929இல் டில்லியில் காய்ச்சலில் இறந்தபோது வயது பதினேழு. ஒரே சாவில் தாத்தா பேரனை இழந்தார், தகப்பன் மகனை இழந்தார். அந்த இழப்பும் அவர்களைச் சேர்க்கவில்லை. காந்தியோடு இருந்தவர்கள் சொல்லிவந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. கட்னி ரயில் நிலையத்தில் கூட்டம் காந்திக்கு ஜே போட, கிழிந்த உடையில் வந்த ஹரிலால் தாய்க்கு ஜே போட்டார். ஓர் ஆரஞ்சுப் பழத்தைத் தாயிடம் கொடுத்தார். எனக்கில்லையா என்றார் காந்தி. இல்லை, இது அம்மாவுக்கு மட்டும், நீங்கள் பெரியவரானது அம்மாவால்தான் என்றார் மகன். வண்டி நகர்ந்த பிறகுதான், பசியோடு வந்த பிள்ளைக்கு ஒன்றும் தரவில்லையே என்று கஸ்தூர்பா பதறினார்.

எல்லாவற்றையும் விடக் கடினமான மறுப்பு கடைசியில் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பையும் ஆசையையும் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் காந்தியாக ஆகியிருக்க மாட்டார். ஒரு குடும்பத்தின் நஷ்டத்தில் கோடிக்கணக்கானோர் தலைநிமிர்ந்தார்கள் என்றால் அந்த பேரம் நியாயம்தானே? முதல் பாதி உண்மையா என்பதே சந்தேகம். மகனைப் பள்ளிக்கு அனுப்பியிருந்தால் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்திருக்காது என்று யாரும் நிரூபிக்க முடியாது. உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், பெரிய நன்மைக்காகத் தன்னைக் கொடுப்பதுதான் தியாகம். இன்னொருவரைக் கொடுத்தவருக்கு அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளும் உரிமை இல்லை. கொடுக்கப்பட்டவருக்கு நன்றி சொல்லும் கடமைதான் உண்டு. அந்தக் கடமை காந்தியோடு முடிந்துவிடவில்லை, அந்த நன்மையை அனுபவிக்கும் நம்மையும் சேர்ந்தது. நாம் ஹரிலாலை ஒரு மகாத்மாவின் குடிகார மகனாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். 1948 ஜூன் 18 அன்று, தகப்பன் கொல்லப்பட்டு ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில், பம்பாயில் காசநோய் மருத்துவமனையில் இறந்துபோன அந்த மனிதர், இருபது வயதுக்கும் இருபத்து மூன்று வயதுக்கும் இடையில் இந்தியர்களின் உரிமைக்காக ஆறு முறை டிரான்ஸ்வால் சிறைக்குள் போனவர். தென்னாப்பிரிக்கப் போராட்டத்தை நம் பாடநூல்கள் சொல்லும்போது வள்ளியம்மைக்குத் தரும் இடத்தின் பக்கத்தில் அவருக்கும் ஒரு வரி தரலாம், யாருடைய மகன் என்று குறிப்பிடாமலேயே.