பிணியும் வினையும்

நோய் முன்வினைப் பயனாயின் அதனை நுகர்ந்து கழித்தலன்றோ முறை? கேளாதார் இல்லத்துக்கு மருந்து கொண்டு செல்லுதல் திருவருள் நியதிக்கு மாறாகாதோ? இங்ஙனம் வினவுவாருளர்.

தமிழ்நாட்டரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தை 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிற்று. இரத்தக்கொதிப்பும் நீரிழிவும் உடையாரை வீடுதோறுஞ் சென்று கண்டறிந்து மருந்தளித்தல் அதன் முதன்மைப் பணியாம். தமிழொடு தெலுங்கும் கன்னடமும் வழங்கும் ஓசூர் எல்லைப்புறத்தே, ஒருநாட் கூலியை இழந்தே மருத்துவரைக் காணவேண்டிய தொழிலாளர் பலர்.

அன்றியும், இரத்தக்கொதிப்புப் பெரும்பாலும் குறியொன்றுங் காட்டாது நின்று, பக்கவாதமும் மாரடைப்பும் விளைப்பது. உடையவனே அஃதுண்மையை அறியான். இருள் பிறபொருளை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவமோ தன்னையுங் காட்டாதென்பது சித்தாந்தம். நோயென்றே அறியாதானை ‘நீயே வருக’ எனக் காத்திருத்தலாற் பயனென்னை? உயிர் வேண்டுதற்கு முன்னரே குருவடிவாய் எழுந்தருளுதல் இறைவன் இயல்பன்றோ?

இனி, வினையென்பார்க்கு விடை கூறுதும். திருச்செங்கோடாகிய கொடிமாடச் செங்குன்றூரில் அடியாரைக் குளிர்சுரம் வருத்தியபோது, ஆளுடைய பிள்ளையார் ‘நுகர்ந்து கழிக்க’ என்று அகன்றாரல்லர். திருநீலகண்டத் திருப்பதிகம் பாடித் தீர்த்தருளினார். அஃது அருள், இது மருந்தேயெனின், நோயை வினைவழிக் கூட்டிய இறைவனே மருந்தையுங் கூட்டுவனென்க.

தன் நோய்க்கு வினையை நினைதல் பொறுமை. பிறன் நோய்க்கு அதனைக் காரணங்காட்டி வாளாவிருத்தல் வன்கண்மை. அவ்வன்கண்மையே நமக்கு ஆகாமியமாய் ஏறும். ஆதலின் மருந்தேந்தி வாயிலில் நிற்பாரைச் சிவத்தொண்டராகவே கொள்வோமாக.

திருச்சிற்றம்பலம்.