ஜனாதிபதியின் சாதுரியம்

தருமபுத்திரனுடைய தேர் நிலத்தைத் தொடாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடியதென்றும், துரோணரை வீழ்த்தும்பொருட்டு அசுவத்தாமனைப் பற்றி அவன் ஒரு பாதி உண்மையைச் சொன்ன கணத்தில் அது மண்ணில் இறங்கிற்றென்றும் பாரதம் கூறுகிறது. இக்கதையைக் கேட்டு வளர்ந்த நாம், ஆட்சிபீடத்தில் அமர்கிறவனுக்குத் தருமசிந்தை ஒன்றே போதும், உபாயமும் சாதுரியமும் அதற்கு மாசு என்று எண்ணப் பழகிவிட்டோம். ஆயினும் அதே பாரதத்தில், போர் முடிந்தபின், அம்புப்படுக்கையில் கிடந்த பீஷ்மரை நாடிச் சென்று ராஜதர்மம் கேட்டவனும் அந்தத் தருமபுத்திரனே. பீஷ்மர் அவனுக்கு உபதேசித்தவையோ ஒற்றரை ஆளுதல், அமைச்சரைத் தேர்தல், கருவூலத்தைக் காத்தல், பகைவனோடு எப்போது சந்தி செய்வது என்றறிதல் ஆகிய உலகியற் காரியங்களாய்ச் சாந்தி பருவத்தில் நெடிது விரிகின்றன. நல்லவனாயிருப்பவன் காரியம் அறியாதவனாயிருந்தால் அவனுடைய நன்மை பிரஜைகளுக்கு எட்டாது என்பதே அந்த உபதேசத்தின் உட்கிடை என்று நான் கொள்கிறேன்.

வள்ளுவரும் இதற்கு வேறுபட்டவரல்லர். பொருட்பாலின் எழுபது அதிகாரங்களுள் வலியறிதலையும் காலமறிதலையும் இடனறிதலையும் முன்வைத்து, செங்கோன்மையை அவற்றுக்குப் பின்னரே அவர் வைத்தார். ஆனால் அமைச்சியலுக்குள் புகுந்தால் வேறொரு வரிசை புலப்படும். அங்கே வினைத்தூய்மை முன்னே நிற்க, வினைத்திட்பமும் வினைசெயல்வகையும் அதன் பின்னே வருகின்றன. காரியத்தை முடிக்கும் ஆற்றலுக்கு முன்பாக அக்காரியம் தூயதுதானா என்ற விசாரணை வந்தாகவேண்டும். சாதுரியம் தருமத்துக்கு விரோதியன்று. தருமம் வகுத்த வேலையைச் செய்யும் கருவி அது. அந்த எஜமானை இழந்த சாதுரியம் எங்கே போய் முட்டுகிறது என்பதை நான் நாயாற்றை வைத்தே யோசிக்கிறேன்.

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் செல்லும் வீதி அளம்பிலையும் செம்மலையையும் கடந்து, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாய் ஒடுங்கும் இடம் நாயாறு. கரைவலை இழுப்போரும் வாடி அமைத்துத் தொழில் செய்வோரும் வாழும் கரை இது. இதற்குத் தெற்கேயுள்ள கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் 1984 இல் வெளியேற்றப்பட்டுக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஊர் காணாதிருந்தார்கள். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி இலங்கைத் தீவு முழுவதும் ஜனாதிபதிக்கு ஒரே தொகுதி. ஆகவே இத்தகைய ஒரு கரையின் வாக்குகள் அந்தப் பெருங்கணக்கில் ஒரு துளியாகவே தோன்றும். எனினும் 2015 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேனா ஏறக்குறைய 4,50,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றபோது, வன்னித் தேர்தல் மாவட்டத்தார் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அவருக்கே வாக்களித்திருந்தார்கள். வடக்கும் கிழக்கும் இல்லாவிடில் அவர் ஜனாதிபதியல்லர்.

அவர் ஆட்சியின் கடைசி மாதங்களில் நடந்தது இது. பழைய செம்மலையில், நாயாற்றை அண்டி, நீராவியடிப் பிள்ளையார் ஆலயம் இருக்கிறது. அவ்வளாகத்தில் போருக்குப் பின் குருகந்த ரஜமகா விகாரை எழுப்பப்பட்டு, வழக்கு முல்லைத்தீவு நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2019 செப்டம்பர் 21 இல் அவ்விகாரையின் பிக்கு காலமானார். உடலை ஆலயச் சூழலில் எரிக்காமல் வேறிடத்தில் தகனம் செய்யவேண்டுமென்று 23 ஆந் தேதி நீதிமன்றம் கட்டளையிட்டது. கட்டளை பிறந்த அன்றைக்கே, பொலிஸார் சூழ்ந்து நிற்க, பிள்ளையாரின் தீர்த்தக்கேணிப் பக்கத்தில் சிதை மூட்டப்பட்டது. ஆட்சேபித்து நின்ற சட்டத்தரணி ஒருவர் தாக்கப்பட்டார். இறந்தவரை மரியாதையோடு வழியனுப்புவது எந்தச் சமயத்துக்கும் கடன். அதில் எவருக்கும் பிணக்கில்லை. ஆலயத்தார் தீர்த்தமாடும் நீரருகே, நீதிபதியின் சொல்லைக் கடந்து எரித்ததுதான் மனத்தை அறுக்கிறது.

அன்று அங்கே நின்றவர்களுள் கலகொட அத்தே ஞானசார தேரரும் ஒருவர். ஹோமாகம நீதிமன்றத்தில் நீதிமன்றத்தை அவமதித்தமைக்காக 2018 ஆகஸ்டில் அவருக்கு ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. ஓராண்டுகூட நிறையுமுன், 2019 மே மாதத்தில், ஜனாதிபதி சிறிசேனா அவருக்கு மன்னிப்பளித்தார். மன்னிப்பு என்பது தண்டநீதி தவறிய இடத்தில் கருணை புகுவதற்காகச் சட்டம் ஆளுவோன் கையில் விட்டுவைத்த ஒரு வாயில். நீதிமன்றத்தையே அவமதித்தவருக்கு அவ்வாயில் திறக்கப்பட்டபோது, நீதிமன்றக் கட்டளைக்கு இந்நாட்டில் எவ்வளவு எடை உண்டு என்பதை நாடெங்கும் உள்ளோர் கண்டுகொண்டனர்; நான்கு மாதங்களில் அதன் விளைவு நாயாற்றுக்கு வந்து சேர்ந்தது. அன்றைய அரசியற் கணக்கில் அது கெட்டிக்காரத்தனமாக மதிக்கப்பட்டிருக்கக்கூடும். பலனைப் பார்த்தாலும் அக்கணக்கு தேறவில்லை. அவ்வாண்டு நவம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் அவர் போட்டியிடவேயில்லை.

சாதுரியம் இப்படிக் கெடுமென்றால், அதை அறியாத வெள்ளை மனத்தவரே மேல் என்பாருக்கும் அடுத்து வந்தவரின் சரித்திரமே மறுமொழி. எந்தத் தேர்தற் பதவியையும் அதற்குமுன் வகித்திராத கோட்டாபய ராஜபக்ஷ 2019 இல் 52 சதவீத வாக்கோடு பதவியேறினார். 2021 இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே கட்டளையால் நிறுத்தினார். நோக்கம் எதுவாயினும், விதைப்பின் காலமும் உழவனின் வலியும் எண்ணப்படவில்லை. வன்னி வயல்களிலும் விளைச்சல் விழுந்தது. 2022 ஜூலையில் அவர் நாட்டைவிட்டே போகநேர்ந்தது.

கீழ்க்கரைக் களப்புகளில் தொழில் செய்தவர்கள் இவ்விஷயத்தை நன்கு அறிவார்கள். மாரியில் வெள்ளம் ஏறும்போது தொடுவாயை வெட்டிக் கடலோடு இணைக்கவேண்டும். முந்தி வெட்டினால் இறாலும் மீனும் வளருமுன் தண்ணீரோடு போய்விடும். பிந்தினால் தாழ்ந்த வயல்கள் மூழ்கும். மீனவனுக்கு ஒரு நாள் நல்லதாயிருக்கும், கமக்காரனுக்கு வேறொரு நாள். இருவரையும் ஓரிடத்தில் இருத்தி, நீர்மட்டத்தைக் கண்ணாற் கண்டு, நாளைக் குறிக்கிற சங்கத் தலைவருடைய அறிவைத்தான் நான் அரசியற் சாதுரியம் என்கிறேன். மீனவர் பக்கத்து வாக்குகளை மட்டும் எண்ணி நாள் குறிப்பவர் எத்தனை கெட்டிக்காரராயினும் ஊரைக் கெடுப்பவரே.

பௌத்த தர்மமும் அரசனுக்கு இதையே விதிக்கிறது. தச ராஜ தர்மத்துள் ஆர்ஜவம் என்ற நேர்மையும், பொறுமையும், பிறரோடு விரோதியாமையும் அடங்கும். நாற்பத்து நான்கு ஆண்டு நீதியோடு ஆண்ட எல்லாளனைப் போரில் வென்ற துட்டகைமுனு, பகைவன் வீழ்ந்த இடத்தில் நினைவுச் சேதியம் எழுப்பி வழிபாடு செய்யப் பணித்தான் என்றும், அவ்வழியே செல்லும் இளவரசர்கள் வாத்தியங்களை நிறுத்தி நடந்தார்கள் என்றும் மகாவம்சமே சொல்கிறது. வென்ற மன்னன் தோற்றவனின் மக்களை ஒரே செயலால் தன் பிரஜைகளாக்கிக்கொண்டது தருமமா, ராஜதந்திரமா என்று பிரிக்க எனக்குத் தோன்றவில்லை. அங்கே இரண்டும் ஒன்றாகவே நின்றன.

நாயாற்றிலும் அதற்கு அவகாசம் இருந்தது. மரணத்துக்கும் தகனத்துக்கும் இடையே இரண்டு நாட்கள் கிடந்தன. பாதுகாப்பு அமைச்சும் ஜனாதிபதியின் கையிலேயே இருந்தது. மல்வத்தை, அஸ்கிரிய மகாநாயக்கர்களை அணுகி, பிக்குவுக்கு உரிய சிறப்போடு வேறிடத்தில் இறுதிக்கிரியை நடத்தவும், முல்லைத்தீவு நீதிபதியின் கட்டளை எழுத்துக்கு எழுத்து நிறைவேறுவதற்குப் பொலிஸ் மாஅதிபர் பொறுப்பேற்கவும் ஜனாதிபதி ஒரு மாலைப்பொழுதுக்குள் ஏற்பாடு செய்திருக்கலாம். அதற்குத் தெய்வப்பிறவி தேவையில்லை. பிள்ளையாரைக் கும்பிட வருகிறவனும் தன் பிரஜையே என்ற நினைவும், யாரிடம் எப்போது பேசவேண்டும் என்ற அறிவும் ஒருங்கே உடைய ஒரு மனிதன் போதும்.