விற்காத செம்பு

(இலங்கை மலையகத்தின் ராகலை. ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியரும் அவரிடம் படித்தவளும்.)

சீடை: சேர், அப்பாயியின் பித்தளைச் செம்பை டவுனில் நிறுத்துப் பார்த்தார்கள். எடைக்குள்ள காசுக்கு மேல் ஒரு சதமும் தரமாட்டார்களாம்.

குரு: அதே எடையில் புதுச் செம்பு தந்தால் மாற்றிக்கொள்வாயா?

சீடை: மாட்டேன். கொள்ளுத் தாத்தா புதுக்கோட்டையிலிருந்து மண்டபம் வழியாகச் சுமந்து வந்தது.

குரு: அடியில் என்ன பொறித்திருக்கிறது?

சீடை: ஐயோ, கண்டிக் கடையின் பெயர்! அப்பாயி சொன்னது பொய்யா?

குரு: கதை பிசகியிருக்கலாம். இப்போது மாற்றிக்கொள்வாயா?

சீடை: இப்போதும் மனம் வரவில்லை. காரணம்தான் தெரியவில்லை.

குரு: நீ பிறந்த லயக் காம்பரா யாருடையது?

சீடை: தோட்டத்துடையது. வேலை போனால் அதுவும் போகும்.

குரு: 1948இல் நம்மவர்களின் பிரஜாவுரிமையும் போயிற்று. காணியும் வீடும் இல்லாதவர்கள் பிள்ளைகளுக்கு விட முடிந்தது, கையில் தூக்க முடிந்ததை மட்டும்தான். இந்தியாவுடன் செய்த 1964 ஒப்பந்தப்படி 5,25,000 பேரை அங்கே அனுப்ப முடிவானது. பல குடும்பங்களில் அண்ணன் இந்தியாவில், தம்பி இங்கே. 1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம். மாவுக்காகப் பாத்திரங்கள் விலைபோன காலம். உங்கள் செம்பு மட்டும் தப்பியது.

சீடை: அப்படியானால் பட்டினியிலும் விற்காத அப்பாயியின் பிடிவாதம்தான் அதன் மதிப்பா?

குரு: பக்கத்துக் காம்பராவில் விற்றவளுக்குப் பாசம் குறைவா?

சீடை: இல்லை, சேர். அவளும் பிள்ளைகளுக்காகத்தான் விற்றாள். ஒருத்தி செம்பைக் கொடுத்தாள், மற்றவள் சோற்றைக் கொடுத்தாள்.

குரு: இரண்டும் ஒன்றென்றால், புதுச் செம்பு ஏன் ஆகாது?

சீடை: புதுச் செம்பை இன்னும் யாரும் யாருக்காகவும் எடுத்து வைக்கவில்லையே. இது எங்கே வாங்கியதாக இருந்தாலும், எங்களை நினைத்து வைத்தது.

குரு: அப்போது நீ ஒருநாளும் விற்கக் கூடாதா?

சீடை: தங்கையின் படிப்புக்கு வேறு வழியில்லை என்றால் விற்கலாம், அப்பாயி நினைத்ததும் அதைத்தானே. வீட்டில் இடமில்லை என்று விற்றால்தான் தப்பு.

குரு: அதுவரை?

சீடை: வைத்திருப்பேன். அடுத்தவளுக்குக் கொடுக்கும்போது புதுக்கோட்டைக் கதையை விட்டுவிட்டு, கண்டியில் வாங்கியது, பஞ்சத்தில் விற்காதது என்று சொல்வேன்.

குரு: புதுக்கோட்டைக் கதையையும் சேர்த்தே சொல், பிள்ளை. அப்பாயி அதை நம்பினாள் என்பதும் உண்மைதானே.