பெல்ட்டும் சாக்கெட்டும்

தளவாய்புரத்து நைட்டித் தையல் கூடங்களில் கணக்கு மேஜைமேல் ஒரு பழைய டெஸ்க்டாப் இருந்தால், அதைப் பற்றிய பேச்சு ஒன்றும் கூடவே இருக்கும். மாற்றிவிடலாமா, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா? 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பில் போடுவதற்கென்று செகண்ட்ஹேண்டில் வாங்கியதாக இருக்கலாம். உள்ளே இன்டெல் நான்காம் தலைமுறை பிராசசர், டிடிஆர்3 ராம், முனகிக்கொண்டே சுற்றும் ஹார்ட் டிஸ்க். காலையில் ஆன் செய்துவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் டேலி திறந்திருக்கும்.

இதில் பழுது என்று சொல்ல ஒன்றுமில்லை. 2013-ல் அந்த பிராசசர் வெளிவந்தபோது கூட்டிக் கழித்த வேகத்தில்தான் இன்றும் கூட்டிக் கழிக்கிறது. சிலிக்கனுக்கு மூட்டுவலி வருவதில்லை. சுற்றியிருப்பவைதான் நகர்ந்துபோயின. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் பட்டியலோ, ஒன்றிரண்டு விலக்கு தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டி, பட்டியலில் பேர் இல்லாததால் கிழடாகிவிட்டது.

பிராசசரை மட்டும் மாற்றினால் ஆகாதா? சர்வீஸ் கடையில் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: “பிராசசர மாத்தணும்னா போர்ட மாத்தணும் அண்ணாச்சி. போர்ட மாத்துனா ராமும் மாத்தணும்.” வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்று சந்தேகப்பட வேண்டாம். அந்த மதர்போர்டில் பிராசசர் உட்காரும் 1150 சாக்கெட்டில் நான்காம், ஐந்தாம் தலைமுறைக்கு மேல் எதுவும் உட்காராது. 2015-லேயே இன்டெல் அடுத்த சாக்கெட்டுக்குப் போய்விட்டது. டிடிஆர்3 ராமின் அடியில் உள்ள வெட்டு ஓரிடத்தில், டிடிஆர்4-ல் இன்னோரிடத்தில். அழுத்தினாலும் இறங்காது.

அதே கூடத்தில் பத்தடி தள்ளி ஓடும் பவர் மிஷினைப் பாருங்கள். பழைய கிளட்ச் மோட்டார், தைத்தாலும் தைக்காவிட்டாலும் சுற்றிக்கொண்டே கரண்டைத் தின்னும். அதைக் கழற்றிவிட்டு, மிதித்தால் மட்டும் சுற்றும் சர்வோ மோட்டாரை மாட்டுகிறார்கள். தலை பழசு, மேஜை பழசு, ஸ்டாண்டு பழசு. மோட்டார் மட்டும் புதுசு. தலை செய்த கம்பெனிக்கும் மோட்டார் செய்த கம்பெனிக்கும் அறிமுகம்கூட இருக்காது. மேஜைக்கு அடியில் மூன்று போல்ட்டு, நடுவில் ஒரு பெல்ட், அவ்வளவுதான் அவற்றுக்குள் உறவு. அந்தத் துளைகளின் அளவை மாற்றாமல் விட்டுவைத்தார்கள், மிஷின் பிழைத்துக்கொண்டது.

ஒரு கருவியின் ஆயுளை அதன் வலுவில் தேடுகிறோம். அது பாகங்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் இருக்கிறது. வலுவை எண்ணெய் விட்டு, தூசி தட்டி நாம் காப்பாற்றலாம். சேரும் இடத்தை மட்டும் எங்கோ ஓர் அறையில் யாரோ முடிவு செய்கிறார்கள். அந்த முடிவுக்கு விலை கொடுப்பது தளவாய்புரத்துக் கணக்கு மேஜை.

கம்ப்யூட்டரிலும் சொன்ன சொல் காப்பாற்றிய இணைப்புகள் உண்டு. 1995-ல் வந்த ஏடிஎக்ஸ் அளவில்தான் இன்றும் கேபினெட்டும் போர்டும் பெரும்பாலும் பொருந்துகின்றன. 2003-ல் வந்த சாட்டா கேபிளில் இன்றைய சாட்டா எஸ்எஸ்டி-யைச் செருகலாம். டீ குடிக்கும் நேரம் ஒரு நிமிடத்துக்குள் சுருங்கிவிடும். 2017-ல் ஏஎம்டி போர்டு வாங்கியவர்களில் பலர், பயாஸை மட்டும் புதுப்பித்து 2022-ல் வந்த பிராசசரை அதே ஏஎம்4 சாக்கெட்டில் மாட்டினார்கள். ஆக, முடியாதது என்று இல்லை.

என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். எம்பிராய்டரி டிசைன் போட்டு, டிஎஸ்டி ஃபைலைப் பென்டிரைவில் ஏற்றி மிஷினுக்குக் கொண்டுபோவது மட்டும்தான் வேலையா? நெட் கனெக்‌ஷனைப் பிடுங்கிவிட்டு, ஒரு எஸ்எஸ்டி மாட்டி ஓட்டுங்கள். பேங்க் பணமும் ஜிஎஸ்டி போர்ட்டலும் அதில்தான் என்றால் சிக்கனம் பார்க்கக் கூடாது. போர்டு, பிராசசர், ராம் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அதற்கும் இது நல்ல நேரமில்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, 2025 கடைசியில் ராம் விலை எகிறியது. மைக்ரான் நிறுவனம் க்ரூசியல் என்ற பெயரில் செய்துவந்த சில்லறை விற்பனையையே கைவிடுவதாக டிசம்பரில் அறிவித்தது.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், வேகம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் இந்த சாக்கெட்டில் இன்னும் எத்தனை தலைமுறை உட்காரும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஏஎம்4-க்கு அடுத்த ஏஎம்5 சாக்கெட்டை 2027-க்கு அப்பாலும் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. எழுதி வாங்க முடியாத வாக்குதான். போர்டின் விலையில் அந்த வாக்குக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைத்துப் பேரம் பேசலாம்.