ஈட்டுக்கடனும் தயையும்

2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபோது, வெள்ளவத்தையில் மாறும் வட்டிக்குக் கடன்பட்டு மாடிவீடு வாங்கியிருந்த குடும்பஸ்தர்கள் பலர், தாம் ஒரு தவறும் செய்யாதிருந்தும், தவணைப் பணத்துக்குத் தத்தளிக்கும் நிலைக்கு ஆளாயினர். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டமோ, நீதிமன்றத்தின் ஆணை இல்லாமலே, தன் பணிப்பாளர் சபையின் தீர்மானத்தைக் கொண்டு ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை வங்கிக்குக் கொடுத்திருக்கிறது. பராட்டே என்று ஜனங்கள் அஞ்சுவது இதைத்தான்.

அவனவன் கர்மவினை என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. வினைப்பயன் வினை செய்தவனையே சாரும் என்பதன்றோ சைவ சித்தாந்தம்? நாட்டின் பொக்கிஷத்தை வெறுமையாக்கி இந்த வட்டி ஏற்றத்தை வரவழைத்தவர்கள் ஒரு சாராராகவும், அதன் பலனைத் தலையில் ஏற்றவர்கள் வேறொரு சாராராகவும் இருக்க, அதைக் கர்மநியதி என்பது சித்தாந்தத்துக்கே அபசாரமாகும்.

ஏலங்களை அரசு முதலில் 2024 டிசம்பர் வரையும், பின்னர் 2025 மார்ச் வரையும் நிறுத்திவைத்தது. தயை மிகுந்த செயல்தான்; ஆயினும் யாருடைய பொருளைக் கொண்டு செய்த தயை? வங்கி கடனாகக் கொடுப்பது, கொட்டாஞ்சேனையில் நிலையான வைப்பின் வட்டியில் மருந்து வாங்கும் வயோதிபத் தாயின் சேமிப்பையுமல்லவா? 2002இல் பிரமுக வங்கி மூடப்பட்டதையும், 2008 டிசம்பரில் செலான் வங்கியின் வாசல்களில் வைப்பாளர்கள் கலங்கித் திரண்டதையும் கண்டவர்கள், அவளுடைய அச்சத்தை அற்பமென்று சொல்லமாட்டார்கள்.

இந்தத் தர்மசங்கடத்தில் நம் முன்னோரின் வழக்கமொன்று வழிகாட்டுகிறது. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் இடம்பெற்ற ஒற்றி முறையில், கடன் கொடுத்தவன் வட்டிக்குப் பதிலாகக் காணியை ஆண்டு அதன் விளைவை அனுபவிப்பான்; கடனாளி முதலைத் திருப்பிக் கொடுத்துக் காணியை மீட்டுக்கொள்வான். மழை பொய்த்து விளைவு குன்றினால் அந்த நஷ்டம் காணியை ஆண்டவனையும் சேர்ந்தது. வானத்தின் குற்றம் முழுவதையும் கடனாளி ஒருவனே சுமக்கவில்லை. வட்டி முதலுக்கு மேற்படலாகாது என்று தர்மசாஸ்திரங்கள் எல்லை வகுத்ததும் இதே நோக்கினாலென்று நான் கருதுகிறேன்.

இனி, ஈட்டைப் பறித்தவன் பிழைத்துவிடுகிறான் என்பதும் நிச்சயமில்லை. 1930களின் பெருமந்தத்தில் கொழும்புச் செட்டியார் தெரு வணிகர்களிடம் கடனுக்கீடாகக் காணிகள் வந்து சேர்ந்தன. கொடுத்த பணமோ முடங்கிக் கிடந்தது.

ஆகையால், ஏலத்தை நிறுத்துவதா நடத்துவதா என்று காலந்தாழ்ந்து வழக்காடுவதைவிட, கடன் உறுதி எழுதப்படும் வேளையிலேயே மத்திய வங்கி குறுக்கிட வேண்டுமென்று கேட்கிறேன். வட்டி எவ்வளவு ஏறினால் இந்தக் குடும்பம் தாங்கும் என்று கணக்கிடாமல் கடன் கொடுக்கலாகாது. அந்த எல்லைக்கு மேற்பட்ட ஏற்றத்தில் ஒரு பங்கை வங்கியின் பங்குதாரர்களே தம் இலாபத்திலிருந்து ஏற்க வேண்டும். அதற்காக வைப்பாளரின் முதற்பணத்தில் வங்கி கைவைக்கலாகாது. இம்மூன்றையும் உறுதியிலேயே எழுதிவைக்கச் சட்டம் செய்யலாம்.