அடைத்த கதவும் அண்டை வீடும்

ஊரெங்கும் நோய் பரவி, தெருக்கோடியில் ஆம்புலன்ஸின் ஓசை ஓயாத காலத்தில், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குடும்பம் தாயம் ஆடியும் பழைய பாடல்களைக் கேட்டும் பலகாரம் செய்து உண்டும் சந்தோஷமாக இருப்பது அறத்துக்கு ஒத்ததுதானா என்னும் வினா, 2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் தேசம் முழுவதும் ஊரடங்குக்குள் சென்றபோது, மனச்சாட்சியுடைய பலரை உறுத்தியது. முதலில் 21 நாள் என்று சொல்லப்பட்ட அடைப்பு மாதக்கணக்கில் நீண்டுகொண்டே போனதால், ‘இன்னும் சில நாள்தானே’ என்று அந்த உறுத்தலைத் தள்ளிப்போடவும் வழியில்லாமல் போயிற்று.

மகிழ்ச்சியின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். வீட்டிலேயே இருப்பது அந்நாளில் ஒவ்வொருவரும் ஊருக்குச் செய்யக்கூடிய முதல் உபகாரமாக இருந்தது. அதை வாரக்கணக்கில் இடைவிடாமல் செய்வதற்கு மனத்தில் தெம்பு வேண்டும். சலிப்பும் சினமும் மண்டியவன் காரணமில்லாமல் வெளியே கிளம்புவான். அல்லது உள்ளேயே கிடந்து மனைவி மக்களை வதைப்பான். பள்ளிக்கூடம் மூடப்பட்டு, தோழர்களைப் பிரிந்து, கைப்பேசித் திரையிலேயே பாடம் படிக்க நேர்ந்த குழந்தைக்கும், பெற்ற மக்கள் கடல்கடந்து வாழ, விமானங்களும் நின்றுவிட்ட நிலையில் தனித்திருந்த முதியவர்களுக்கும், உடனிருப்பவரின் முகமோ தொலைபேசியில் வரும் குரலோ தெளிவாக இருப்பதே பாதி மருந்து. திருவள்ளுவர் ‘இடுக்கண் அழியாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்துத் துன்பத்தின் முன் நகைக்கச் சொன்னார். எனினும் அவர் நகைக்கச் சொன்னது அவரவர்க்கு நேர்ந்த இடுக்கணைக் கண்டுதான். பிறர்க்கு நேர்ந்ததைக் கண்டும் காணாதவர்போல் நகைத்திருக்க அந்த அதிகாரம் அனுமதி தரவில்லை. வினாவின் கடினம் அங்கே தொடங்குகிறது.

ஆபத்து என்றதும் அண்டை வீட்டுக்கு ஓடுவது நம் ஜனங்களின் இயல்பு. 2015ஆம் ஆண்டு வெள்ளம் சென்னையைச் சூழ்ந்தபோது, முன்பின் அறியாதவர்கள் படகும் உணவுப் பொட்டலமுமாக வந்து நின்றார்கள். பெருந்தொற்றோ உதவ ஓடிவரும் கால்களையே நோயின் வாகனமாக்கிவிட்டது. அதனால்தான் 2020 ஏப்ரலில், தன்னார்வலர்கள் தாமே நேரில் சென்று உணவு வழங்குவதைத் தமிழக அரசு கட்டுப்படுத்த முற்பட்டதும், சென்னை உயர் நீதிமன்றம், அதிகாரிகளுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளோடு அதற்கு இடங்கொடுத்ததும் நிகழ்ந்தன. இரண்டையும் நிறுத்துப் பார்த்தால் நீதிமன்றம் கண்ட வழியே தக்கது என்று கொள்ள வேண்டும். தொற்று வரக்கூடும் என்பது சந்தேகம், பசி வந்துவிட்டது என்பது நிச்சயம்.

ஆயினும் அறத்தின் நுட்பம், ஒரே தெருவுக்குள், ஒரே மாடிப்படிக்குள் நடந்த சிறிய உதவிகளில்தான் அதிகம் விளங்கிற்று. சர்க்கரை நோயுள்ள முதியவர் ஒருவர், தீர்ந்துபோன மாத்திரை அட்டையையும் பணத்தையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு வெளிக்கதவின் கம்பியில் மாட்டிவைப்பார். மேல்வீட்டு இளைஞன் கடைக்குப் போகிற வழியில் அதை எடுத்துச் சென்று, அட்டையைக் காட்டிப் பெயர் பிசகாமல் அதே மாத்திரையை வாங்கி, மீதிச் சில்லறையோடு திரும்ப மாட்டிவிட்டு, மணியை அடித்து, நாலடி பின்னே நின்று, “தாத்தா, ஒரு மாசத்துக்குச் சேர்த்தே வாங்கிட்டேன்” என்று குரல் கொடுப்பான். பணம் தம்முடையது என்பதால் முதியவரின் மானத்துக்குக் குறைவில்லை. படியிறங்கி வராமலே அவருடைய காரியமும் நடந்தது. அதே மாதங்களில், அரிசிப் பையோடு காமிராவைப் பார்க்கும்படி ஏழைகளை வரிசையில் நிறுத்தியவர்களும் இருந்தார்கள். பெற்றவரின் நாணத்தை விலையாக வாங்கிக்கொண்டு கொடுத்ததைத் தானம் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

அச்சம் மனிதரை எவ்வளவு தூரம் கீழே இழுக்கும் என்பதையும் அந்த ஏப்ரல் காட்டிற்று. கொரோனாவால் மாண்ட மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யச் சென்ற ஆம்புலன்ஸ் மீது சென்னையில் கல்லும் கட்டையும் விழுந்தன. உடன் பணிபுரிந்த மருத்துவர் ஒருவர் இரவில் மண்வெட்டி பிடித்துத் தம் கையாலேயே நண்பரைப் புதைக்க நேர்ந்தது. அத்தகைய பீதி நிலவிய நகரத்தில், தொற்று கண்ட வீடு என்று வாசலில் அறிவிப்பு ஒட்டப்பட்டு, சில இடங்களில் தகரமும் அடிக்கப்பட்ட வீட்டார், நோயைக் காட்டிலும் தெருவின் பார்வைக்கே அதிகம் கூசினார்கள். அறிவிப்பு ஒட்டப்பட்ட வீட்டாரைத் தீண்டத்தகாதவர்போல் நடத்துகிறார்கள் என்று உச்ச நீதிமன்றமே அவ்வாண்டு டிசம்பரில் கவலை தெரிவித்தது. அப்படிப்பட்ட வாசலை நோக்கி எதிர்மாடியிலிருந்து, “என்னக்கா, காய்ச்சல் விட்டுதா? மிளகு ரசம் வச்சிருக்கேன், தூக்குல ஊத்தி வாசல்ல வச்சுடறேன்” என்று தெரு முழுவதும் கேட்கும்படி ஒருத்தி கலகலப்பாகக் கூப்பிட்டாள் என்றால், அவளுடைய ரசத்தைவிட அந்தக் கலகலப்பே பெரிய உபகாரம், இங்கே ஒருவர் தீண்டத்தக்கவராகவே இருக்கிறார் என்று ஊரறியச் சொல்லிவிட்டது அது. தன் வீட்டுக்குள் காத்துவைத்த உற்சாகம் இப்படிச் செலவாகுமானால், ஊர் துயருறும்போது மகிழ்ந்திருப்பதைப் பற்றி யாரும் கூச வேண்டியதில்லை.

ஆனால் ஒரு கணக்கு இன்னும் தீரவில்லை. வீட்டில் இரு என்ற கட்டளை எல்லாருக்கும் ஒன்றாக இடப்பட்டதே ஒழிய, வீடு எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. மே 8ஆம் நாள் மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாத் அருகே, சொந்த ஊருக்கு நடந்தே போகும் வழியில் களைத்துத் தண்டவாளத்தில் உறங்கிய தொழிலாளர்கள் 16 பேர் சரக்கு ரயிலில் அடிபட்டு மாண்டார்கள். அவ்வளவு தொலைவு போய்ப் பார்க்கவும் வேண்டியதில்லை. நகரத்து நடுத்தரக் குடும்பங்களின் சமையலறையிலேயே அந்த வேற்றுமை தெரிந்தது. பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் வந்துகொண்டிருந்த பெண்ணை, நோயைக் கருதி, வரவேண்டாம் என்று நிறுத்தினார்கள். அரிசி அட்டைக்கு அரசு தந்த 1000 ரூபாயும் விலையில்லா அரிசியும் அவள் வீட்டில் உலை வைக்கப் பயன்பட்டிருக்கும். அறை வாடகைக்கு எப்படிப் போதும்? ஏப்ரல் மாதச் சம்பளத்தை முகம் கோணாமல் கொடுத்து, கொடுத்ததைத் தர்மம் என்று எண்ணி நிறைவுகொண்ட வீடுகளில் பல, தங்கள் மாத வருமானத்துக்குக் குறைவு ஒன்றும் வராதிருந்தும், மே மாதம் கையை இழுத்துக்கொண்டன. வேலை செய்யாதவளுக்கு எத்தனை மாதம் கொடுப்பது என்று அவர்கள் கேட்ட கேள்வி நியாயம்போல் தோன்றும். வேலைக்கு வரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. வராதே என்று சொன்னவர்கள் அவர்களே.